கணவாய் தந்த வளநாடு

ஆனித் திங்களில் தமிழகத்துச் சமவெளி பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். குளங்கள் வறண்டிருக்கும், வெயில் தணிந்தபாடிராது. அந்நாள்களில் தென்காசி வட்டாரத்தில் மட்டும் வானம் தாழ்ந்து வரும். மேற்கு மலையின் முடிகள் முகிலுக்குள் மறையும். செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று ஓயாது வீசும். மண்ணை நனைப்பதற்கு முன் முகத்தை நனைக்கும் நுண்துளிகள் அக்காற்றோடு வந்துகொண்டே இருக்கும். ஒருபுறம் வெயில் அடிக்க, மறுபுறம் சாரல் விழும். குற்றாலத்து அருவிகளில் நீர் கொட்டத் தொடங்கிவிட்டது என்ற செய்தி அடுத்த சில நாள்களில் நாடெங்கும் பரவும்.

குற்றாலத்து அருவி, சிற்றாறு, மலைக்காடு, கார் நெல், பழச்சந்தை, சித்திர சபை, குறவஞ்சி இலக்கியம், தென்காசிக் கோபுரம், மலையைக் குடைந்து சென்ற இருப்புப்பாதை ஆகியவற்றைத் தனித்தனிச் சிறப்புகளாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். சுற்றுலா ஏடுகளும் அவ்வாறே அடுக்கிச் சொல்கின்றன. ஆயின் நிலவியலையும் வளியியலையும் உயிரியலையும் ஒருசேர வைத்து நோக்குவார்க்கு இவையனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது புலப்படும். மலைச்சுவரில் அமைந்த ஓர் இடைவெளியே அவ்வேர். அதன் கதையை அறிவதே இவ்வட்டாரத்தின் மரபை முழுமையாக அறிவதாகும்.

மலையில் ஒரு வாயில்

மேற்குத் தொடர்ச்சி மலை தபதி ஆற்றின் தென்கரையில் தொடங்கிக் குமரிமுனை வரை ஏறத்தாழ 1,600 கி.மீ. நீள்கிறது. இந்நெடுஞ்சுவரில் பெரிய உடைப்புகள் மிகச் சில. அவற்றுள் அகன்றது பாலக்காட்டுக் கணவாய். அதன் அகலம் ஏறத்தாழ 30 முதல் 40 கி.மீ. அதற்குத் தெற்கே, செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே, அதனினும் மிகக் குறுகிய மற்றொரு வாயில் உண்டு. அதுவே செங்கோட்டைக் கணவாய். அதன் வடபுறம் பெரியாற்றுப் பக்கத்து மலைகள். தென்புறம் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியமலையைத் தலையாகக் கொண்ட பொதிகைத் தொடர்.

இவ்வாயில் தற்செயலாக அமைந்ததன்று. கேரளத்தின் அச்சன்கோவில் பள்ளத்தாக்கை ஒட்டி, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, நிலத்துள் ஒரு தொன்மையான பாறைக்குலைவு வலயம் ஓடுகிறது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, இலங்கை, மடகாசுகர், ஆப்பிரிக்கா, அண்டார்ட்டிகா ஆகிய நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கோண்டுவானா என்னும் பெருங்கண்டமாக இணைந்தன. அந்நெருக்கத்தில் இப்பகுதியின் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, நெளிந்து உருமாறின. இன்று குற்றால மலையில் நாம் காணும் கடினமான சார்னோக்கைட்டு, கொண்டலைட்டு, நைசுப் பாறைகள் அவ்வுலையில் பதமானவையே. எந்தக் கோட்டில் பாறைகள் நசுங்கிச் சறுக்கினவோ அந்தக் கோட்டில் அவற்றின் கட்டுறுதி குறைந்தது. பின்னாளில் மலைத்தொடர் எழுந்தபோது மழையும் ஓடையும் அந்த வலிமை குன்றிய கோட்டையே எளிதில் அரித்தன. இருபுறமும் கடும்பாறை உயர்ந்து நிற்க, நடுவே தாழ்வு விழுந்தது. கோண்டுவானா சிதறிப் பல கோடி ஆண்டுகள் கழிந்தபின்னும், அது பிறந்தபோது பட்ட வடு தென்காசியின் மேற்கு வாயிலாகத் திறந்திருக்கிறது.

சாரலின் இயற்பியல்

சூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதுகிறது. மோதிய காற்று மேலேறும். மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது. ஈரம் செறிந்து முகிலாகும் வரை, ஒவ்வொரு கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு வெப்பம் குறையும். முகில் உருவான பின், நீராவி நீராக மாறும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பத்தால் அக்குறைவு ஏறத்தாழப் பாதியாகும். இவ்வாறு குளிர்ந்த காற்று தன் ஈரத்தில் பெரும்பங்கை மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. முடியைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று மீண்டும் அழுந்திச் சூடேறி உலர்கிறது. தமிழகத்தின் தென்பகுதி சூன் முதல் ஆகத்து வரை காய்ந்து கிடப்பதன் காரணம் இந்த மழைமறைவே.

செங்கோட்டைக் கணவாயில் இவ்விதி நெகிழ்கிறது. அங்கே காற்று முழு உயரத்துக்கு ஏற வேண்டியதில்லை. ஆகவே ஈரம் முழுவதையும் இழக்காமலே கிழக்கே கடக்கிறது. குறுகிய வழியில் நெருக்குண்டு செல்வதால் அதன் விரைவும் மிகுகிறது. தென்காசி வட்டாரத்தின் பொட்டல்களில் காற்றாலைகள் எழுந்துள்ளமைக்கு இவ்விரைவே ஏது.

கணவாயைக் கடப்பது நீராவி மட்டுமன்று, துளிகளுந்தான். ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெருந்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் விரைவில் விழும். 0.2 மில்லிமீட்டர் நுண்துளியோ நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே இறங்கும். இரண்டும் 500 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகவும், காற்று நொடிக்கு 10 மீட்டர் விரைவில் வீசுவதாகவும் கொள்வோம். பெருந்துளி தரையைத் தொட ஒரு மணித்துளியும் ஆகாது. அதற்குள் காற்று அதை அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் நகர்த்தியிருக்கும். நுண்துளி தரைதொடப் பன்னிரண்டு மணித்துளிகள் ஆகும். அதற்குள் அது 7 கிலோமீட்டர் தொலைவு வந்துவிடும். பெருமழை மலைக்கு மேற்கிலேயே நின்றுவிடுகிறது. வழியில் ஆவியாகாமல் எஞ்சிய நுண்துளிகள் மட்டும் குற்றாலம், தென்காசி, இலஞ்சி, மேலகரம் வரை மிதந்து வருகின்றன. தலைக்கு மேல் முகிலே இல்லாதபோதும் இங்கே சாரல் விழுவது இதனால்தான்.

இத்தகைய வாயிற்காற்று உலகின் பிற பகுதிகளிலும் உண்டு. பிரான்சு நாட்டில் ஆல்ப்சு மலைக்கும் நடுமேட்டு நிலத்துக்கும் இடையே உரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே மிசுத்திரால் என்னும் குளிர்காற்று நடுநிலக்கடலை நோக்கி விரைந்து இறங்குகிறது. அக்கடற்கரை ஊர்களில் பழைய பண்ணை வீடுகள் காற்றுக்கு முதுகு காட்டிக் கட்டப்பட்டிருக்கும். வயல்களுக்கு அரணாகச் சைப்பிரசு மரங்கள் வரிசையாக நிற்கும். மிசுத்திரால் வறண்ட காற்று. வானைத் துடைத்து முகிலை விரட்டுவது. செங்கோட்டைக் காற்றோ ஈரத்தைக் கொணர்வது. இயற்பியல் ஒன்றே, சுமந்து வரும் பொருள் வேறானதால் அதைச் சுற்றி வளர்ந்த வாழ்வும் வேறாயிற்று. அங்கே மாந்தர் காற்றிலிருந்து ஒதுங்கக் கற்றனர். இங்கே காற்றை எதிர்நோக்கக் கற்றனர்.

பேரருவியும் பொங்குமாங்கடலும்

குற்றால மலையின் உச்சிக் காடுகளில் பெய்யும் மழை நேரே ஓடிவந்து விழுவதில்லை. இலைக்கூரையில் தங்கி, மட்கிய சருகுப் படுகையில் ஊறி, பாறை இடுக்குகளில் கசிந்து, ஓடைகளாகத் திரண்டு, பின்னரே அருவியாகிறது. மலையின் மேலே தேனருவி, அதன் கீழ் செண்பகாதேவி அருவி, அடிவாரத்தில் பேரருவி எனப் படிப்படியாக இறங்குகிறது சிற்றாறு. சற்றுத் தள்ளி ஐந்தருவி, பழத்தோட்ட அருவி, புலியருவி, பழைய குற்றால அருவி ஆகியவை தத்தம் ஓடைகளிலிருந்து விழுகின்றன.

பேரருவியின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். அவ்வுயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் தரையை அடையும்போது மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான விரைவு பெறும். காற்றின் தடை ஒருபுறம் இருக்க, திரண்டு விழும் பெருநீர் அத்தகைய விரைவில் தலையில் மோதினால் எவரும் தாங்க இயலாது. ஆயினும் பெண்டிரும் முதியோரும் சிறுவரும் பேரருவியின் கீழ் நின்று நீராடுகின்றனர். இதனை இயலச் செய்வது அருவியின் இடையிலுள்ள பொங்குமாங்கடல்.

பொங்குமாங்கடல் பாறையிலேயே குடைவுண்ட ஓர் ஆழ்ந்த குழி. மேலிருந்து விழும் நீர் முதலில் இதனுள் பாய்கிறது. அங்கே சுழன்று, நுரைத்து, தன் வேகத்தின் பெரும்பகுதியைக் கொந்தளிப்பாகச் செலவழித்து, பின் விளிம்பு கடந்து வழிந்து இரண்டாம் முறை விழுகிறது. குளிப்போர் மேல் விழுவது இந்த இரண்டாம் வீழ்ச்சியே. இக்குழியை உருவாக்கியதும் நீரேதான். பாறையின் ஒரு சிறு பள்ளத்தில் நீர் சுழலும்போது அதனுள் அகப்பட்ட கூழாங்கல்லும் மணலும் உடன் சுழன்று பாறையைத் தேய்க்கின்றன. தேய்க்கும் கல் தேய்ந்து மணலாகும்; அடுத்த வெள்ளம் புதுக் கல்லைக் கொணரும். ஆண்டுக்கு மயிரிழை அளவே தேய்ந்தாலும் பல்லாயிரம் பருவங்களில் பள்ளம் கிணறாகிறது. நீர் குறைந்த கோடையில் அருவிப்பாறையை அணுகிப் பார்த்தால், நீர் மழுக்கிய வளைவுகளின் நடுவே சிவலிங்க வடிவங்கள் செதுக்கப்பட்டிருப்பதும் தெரியும். பருவம் வந்ததும் அவற்றின் மேல் மீண்டும் நீர் இறங்கும்.

விழும் நீரின் ஆற்றல் எங்கே போகிறது என்ற வினாவும் எண்ணத்தக்கது. அது ஒலியாகவும் கொந்தளிப்பாகவும் மாறி, முடிவில் வெப்பமாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றல் அழிவின்மைக் கொள்கைக்கு அடிகோலிய ஜேம்சு ஜூல், 1847இல் ஆல்ப்சு மலையில் ஓர் அருவியின் மேலும் கீழும் வெப்பநிலையை அளக்க முயன்றார். 60 மீட்டர் வீழ்ச்சிக்கு அவர் கொள்கைப்படி நீரின் வெப்பம் ஏறத்தாழ 0.14 பாகையே உயரும். காதைச் செவிடாக்கும் பேரருவியின் முழக்கம் அனைத்தும் நீரை அவ்வளவே சூடேற்றுகிறது. நீரின் வெப்பக் கொள்ளளவு எத்துணைப் பெரிது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

நீராடலும் நம்பிக்கையும்

குற்றாலத்து நீர் மூலிகைகளின் ஊடே வருவதால் நோய் தீர்க்கும் என்பது மக்களின் நெடுநாள் நம்பிக்கை. மலைக்காட்டில் மருந்துச் செடிகள் மலிந்திருப்பது உண்மை. எனினும் விரைந்தோடும் பெருநீரில் அவற்றின் சாறு கரைந்து வரும் அளவு மிகச் சிறிதாகவே இருக்க முடியும். நீராடியவர் பெறும் புத்துணர்வுக்கு வேறு காரணங்கள் உள்ளன. காற்றைக் காட்டிலும் நீர் வெப்பத்தை இருபது மடங்குக்கும் மேல் விரைவாகக் கடத்தும். அருவி நீர் உடலை ஓயாது கழுவிச் செல்வதால் தோலின் வெப்பம் நொடிக்கு நொடி பறிபோகிறது. தோலின் குருதிக்குழல்கள் சுருங்குகின்றன, மூச்சு ஆழ்கிறது. வெளியே வந்ததும் ஈரம் காற்றில் ஆவியாகி மேலும் குளிர்விக்கிறது. பின்னர்க் குருதி தோலுக்குத் திரும்பும்போது இதமான வெம்மை பரவுகிறது. தோளிலும் முதுகிலும் விழும் நீரின் அடி, தசைகளைப் பிடித்துவிடும் கைபோல் இயங்குகிறது. அருவியைச் சூழ்ந்த காற்றில் மின்னேற்றம் மிகுவதை 1892இல் செருமானிய அறிவியலார் பிலிப் லெனார்டு ஆராய்ந்து வெளியிட்டார்; நீர் சிதறும்போது நுண்திவலைகள் மின்னேற்றம் பெறும் அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

எண்ணெய் தேய்த்து அருவியில் தலைமுழுகுவது இங்கே வழிவழி வந்த வழக்கம். சிலர் குளித்த காலத்தில் அது தீங்கற்றதாயிருந்தது. பல்லாயிரவர் ஒரே நாளில் கூடும் இக்காலத்தில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் சிற்றாற்றுக்குள் இறங்கித் தவளைக்கும் மீனுக்கும் கேடாயின. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவற்றுக்குத் தடை விதித்தது பொருத்தமே. நீராடும் மரபு நிலைக்க வேண்டுமானால் நீராடும் முறை மாறத்தான் வேண்டும்.

காட்டைப் பிரித்த காற்றுவழி

அடிவாரத்தில் முட்புதர்க் காடு, சற்றே ஏறினால் இலையுதிர் காடு, அதற்கும் மேலே என்றும் பசுமையான மழைக்காடு எனச் சில கிலோமீட்டர் நடைக்குள் மூவகைக் காடுகளைக் குற்றால மலை காட்டும். இச்செறிவு பயிரியலாரை இருநூறு ஆண்டுகளாக ஈர்த்துவருகிறது. சுகாட்லாந்திலிருந்து வந்த மருத்துவர் இராபர்ட் வைட் 1830களில் இங்கே செடிகளைத் திரட்டினார். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய பயிர்ப்பட நூல்தொகுதிக்கு உயிரூட்டியவர்கள் இரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். இலை நரம்பும் பூவிதழும் பிசகாமல் வரைந்த அவர்கள் கைத்திறனும் இம்மண்ணின் அறிவியல் மரபைச் சேர்ந்ததே.

கும்பெனி ஆட்சியினர் குற்றாலத்தில் சாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்களை நட்டுப் பார்த்தனர். மலாய் நாட்டுப் பழமரங்களும் இங்கே வேர்கொண்டன. மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன் ஆகியவை உறைபனி தாங்கா, வறட்சியும் பொறா. தமிழகச் சமவெளி அவற்றை வளர்க்காது. கணவாய் தரும் ஈரக்காற்றின் நிழலில் அவை இங்கே பழுக்கின்றன. சாரல் காலத்தில் அருவிக்கரைக் கடைகளில் கருஞ்சிவப்பு மங்குஸ்தான் குவிந்திருப்பதைக் காண்போர், வளியியல் பாடம் ஒன்றைப் பழவடிவில் காண்கின்றனர்.

ஈரத்தைக் கொணர்ந்த அதே வாயில், மலையுச்சி உயிர்களுக்கு வேலியாகவும் அமைந்தது. சோலைக்காட்டின் குளிரில் வாழும் சிறு பறவைகள் தாழ்ந்த வெப்பமான பள்ளத்தைக் கடப்பதில்லை. கணவாயின் இருபுறமும் பிரிந்துபோன கூட்டங்கள் நெடுங்காலம் தனித்து வாழ்ந்து வேறுவேறு இனங்களாயின. பழனிச் சிரிப்பான் கணவாய்க்கு வடக்கே வாழ்கிறது. அதன் உறவான அசம்புச் சிரிப்பான் தெற்கே மட்டும் உள்ளது. நீலநிறச் சோலைக்கிளி இனத்திலும் இவ்வாறே தெற்கத்திய கூட்டம் தனியினம் என்பதை மரபணு ஆய்வு காட்ட, 2017இல் அதற்குக் கணவாயின் தெற்கே உள்ள அசம்பு மலையின் பெயரே சூட்டப்பட்டது. ஒரு மலையில் நின்று பார்த்தால் எதிர்மலை கண்ணுக்குத் தெரியும். எனினும் அங்கே பாடும் பறவை வேறு. தாழ்நிலத்தைக் கடக்க வல்ல யானைக்கும் புலிக்கும் கணவாய் இயற்கையில் வேலியன்று. இன்று அவற்றுக்கும் அது தடையாகிவருகிறது. காரணம் சாலையும் இருப்புப்பாதையும் தோட்டங்களும் குடியிருப்புகளுமே.

காரும் பிசானமும்

சிற்றாறு குற்றாலத்தில் பிறந்து தென்காசியைத் தொட்டுக் கிழக்கே ஓடுகிறது. ஐந்தருவி ஆறும் அனுமன் நதியும் பிற ஓடைகளும் அதனுடன் சேர்கின்றன. வழிநெடுக அணைக்கட்டுகள் நீரைக் கால்களில் திருப்புகின்றன. கால்கள் குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வரத்தாகிறது. மலையில் பெய்த மழையைச் சமவெளியில் பல மாதங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் இவ்வமைப்பு, நீரியல் அறிவை மண்ணில் எழுதிவைத்த ஏடு.

தமிழகத்தின் பிற பகுதிகள் பெரிதும் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்கு மழையையே நம்புகின்றன. இவ்வட்டாரத்துக்கு இரு பருவங்களும் துணை. ஆகவே நெல்லுக்கும் இரு போகம். தென்மேற்குப் பருவத்தின் அருவிநீரை நம்பி விளைவது கார். வடகிழக்கு மழையில் குளம் பெருகிய பின் விளைவது பிசானம். சாரல் பிந்தினால் கார் பொய்க்கும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று ஊர்ப்புறத்து உழவர் கேட்பது பொழுதுபோக்குக் கேள்வியன்று. விதைநெல்லை முளைகட்டலாமா என்பதே அதன் பொருள்.

குறவஞ்சியும் பள்ளும்

சிற்றாற்றின் வரலாற்றில் ஓர் அரிய ஒழுங்கு உண்டு. அதன் தலைமாட்டில் திருக்குற்றாலக் குறவஞ்சி பிறந்தது. குற்றாலத்தை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூட ராசப்பக் கவிராயர் அதனை இயற்றினார். நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அவருக்கு வழங்கிய நிலம் இன்றும் குறவஞ்சி மேடு எனப்படுகிறது. அதே சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியுடன் கலக்கும் முக்கூடலில் முக்கூடற்பள்ளு பிறந்தது. முன்னது மலைவாழ் குறத்தியின் வாய்மொழியாக மலையின் விலங்கையும் மரத்தையும் அருவியையும் பாடுவது. பின்னது உழவர் வாழ்வைக் கொண்டு நெல்வகைகளையும் மாட்டுவகைகளையும் மீன்வகைகளையும் நிரல்படுத்துவது. ஓர் ஆற்றின் மேற்பகுதிச் சூழலும் கீழ்ப்பகுதிச் சூழலும் இரு சிற்றிலக்கியங்களில் பதிவாகியுள்ளன. இன்றைய சூழலியல் மாணவர் அவ்விரண்டையும் ஆற்றுப்படுகை ஆவணங்களாகக் கொண்டு படிக்கலாம். அன்று இருந்தவற்றுள் இன்று எவை எஞ்சின என்று கணக்கெடுக்கலாம்.

கோயில்களும் இந்நிலத்தின் இயல்பை ஏற்றே எழுந்தவை. பேரருவியின் அருகிலேயே சங்கு வடிவில் அமைந்தது குற்றாலநாதர் கோயில். குறும்பலா அதன் தலமரம். திருஞானசம்பந்தர் கோயிலையும் குறும்பலாவையும் தனித்தனியே பாடினார். நடராசர் ஆடும் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபை தனியே ஒரு குளத்தின் முன் நிற்கிறது. பொன்னம்பலத்தில் இறைவன் செப்புத்திருமேனியாக ஆட, இங்கே ஓவியமாக ஆடுகிறான். ஈரக்காற்று ஆண்டுதோறும் சுவரைத் தாக்கும் ஓர் ஊரில் சுவரோவியத்தை இறைவடிவாகக் கொள்வது அறைகூவலான செயல். பூஞ்சையும் உப்புப் பூத்தலும் வண்ணத்தை உரிக்கும். காலந்தோறும் புதுப்பிக்கும் கைகள் இருந்தாலன்றி அது நில்லாது.

தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பினான். ஒன்பது நிலைக் கோபுரம் பின்னாளில் சிதைந்து நெடுங்காலம் பிளவுண்டு நின்றது. மீண்டும் ஏறத்தாழ 180 அடி உயரத்துக்குக் கட்டப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது. கோபுர வாயிலில் நுழைவோரைக் காற்று எதிர்கொள்வதை ஊரார் பெருமையுடன் சொல்வர். மேற்கிலிருந்து வரும் கணவாய்க் காற்று உயர்ந்த கோபுரத்தில் தடைபடும்போது ஒருபுறம் அழுத்தம் கூடும், மறுபுறம் குறையும். இரண்டையும் இணைக்கும் ஒரே குறுகிய வழி வாயில்தான் என்பதால் காற்று அதனுள் விரைந்து பாயும்.

கோயிலுக்குக் காலத்தால் குறை நேருமாயின் அதனை வந்து நீக்கிக் காப்பவர்களைத் தான் பணிவதாகப் பராக்கிரம பாண்டியன் கல்வெட்டில் பொறித்தான். எழுப்பியவனாகிய தன்னைவிடப் பழுது பார்ப்பவனை உயர்த்திய அந்த மன்னனின் மொழி, மரபுப் பாதுகாப்பின் அடிப்படை அறமாகும். இருபதாம் நூற்றாண்டில் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) குற்றாலத்தில் வாழ்ந்து, இராசாசி, கல்கி போன்றோரை ஈர்த்துத் தமிழ்ச் சுவையை வளர்த்ததும் இதே அறத்தின் தொடர்ச்சி. கோபுரத்தைப் போலவே கவிதைக்கும் காலந்தோறும் காப்பவர் வேண்டும்.

வாயில் வழியே மாந்தர்

காற்று வந்த வழியிலேயே மாந்தரும் வந்தனர். பொதிமாடுகள் சென்ற மலைப்பாதையில் 1904இல் புகைவண்டி ஓடியது. மலையைக் குடைந்த குகையும், கழுதுருட்டியில் கருங்கல்லால் எழுப்பிய பதின்மூன்று கண் பாலமும் அக்காலப் பொறியியலின் சான்றுகள். மீட்டர் அகலப் பாதை 2010இல் மூடப்பட்டு, அகலப் பாதையாக 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது. திருவிதாங்கூருக்கு உரியதாயிருந்த செங்கோட்டை, மொழிவழி மாநிலப் பிரிப்பில் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் சேர்ந்தது. 2019இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் வணிகம் மாறவில்லை. பாவூர்சத்திரம் சந்தையின் காய்கறியும் புளியங்குடி எலுமிச்சையும் இன்றும் கணவாய் ஏறிக் கேரளம் செல்கின்றன.

ஒரே உடலாகக் காத்தல்

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, குளித்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனின் உயிரைக் கொண்டது. அதன் அறிவியல் எளியது, கொடியது. அருவிகளின் நீர்ப்பிடிப்பு சிறியது, சரிவோ செங்குத்தானது. மலைமேல் கொட்டிய மழை கீழே வர நெடுநேரம் ஆகாது. அடிவாரத்தில் மழையே இல்லாதபோதும் வெள்ளம் வந்துவிடும். காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கவல்ல நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு மிகும் என்பது இயற்பியல் விதி. ஆதலின் சூடேறும் உலகில் இத்தகைய குறுகிய நேரப் பெருமழைக்கு நாம் ஆயத்தமாக வேண்டும். மலைமேல் மழைமானிகளும் நீர்மட்ட உணரிகளும் அமைத்து, அவற்றோடு இணைந்த எச்சரிக்கை ஒலிப்பான்களை அருவிக்கரைதோறும் நிறுவுவது உயிர்காப்புப் பணி.

அருவியைக் காப்பது என்பது அடிவாரத்தில் குப்பை பொறுக்குவதோடு முடிவதன்று. குற்றாலக் காடுகள் நெல்லை வனவிலங்குக் காப்பகத்தில் அடங்குகின்றன. தெற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 2022இல் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை யானைகள் காப்பகமும் உண்டு. இவற்றையெல்லாம் இணைப்பதும் பிரிப்பதும் செங்கோட்டைக் கணவாயே. கொல்லம், திருமங்கலம் நெடுஞ்சாலையிலும் இருப்புப்பாதையிலும் விலங்குகள் கடக்கும் இடங்களைக் கண்டறிந்து, தமிழகமும் கேரளமும் ஒரே திட்டத்தில் காக்க வேண்டும். ஓடைநீரைத் திருப்பித் தனியார் விடுதிகளில் செயற்கை அருவி அமைப்பதை உறுதியாகத் தடுக்க வேண்டும். அருவிக்கு மேலே காடு, அருவி, அணைக்கட்டு, கால், குளம், மறுகால் என்னும் தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் எஞ்சியவை பயனிழக்கும். ஆதலின் வனத்துறையும் பொதுப்பணித்துறையும் அறநிலையத்துறையும் சுற்றுலாத்துறையும் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருக்கும் இவ்வட்டாரத்தைச் சிற்றாற்றுப் படுகை என்னும் ஒரே வரைபடத்தின் கீழ்க் கொணர்வது முதற்பணி.

சாரலில் நனையவும் அருவியில் நீராடவும் ஆண்டுதோறும் இங்கே பல்லாயிரவர் வருகின்றனர். அவர்கள் நுகர்வது கண்முன் விழும் நீரை மட்டுமன்று. கண்ணுக்கெட்டாத மலைக்காட்டின் உழைப்பையும் சேர்த்தே நுகர்கின்றனர். அக்காட்டைப் பேணும் கடமை மலையடிவாரத்து ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. நீராடச் செல்லும் ஒவ்வொருவரும் அதில் பங்கேற்கக் கடமைப்பட்டவரே.